ஒன்றரை மணி நேரத்தில் சென்னையா?



தவறு செய்தவர் மாணவர் என்றால் சிவப்பு மையால் திருத்துகிறோம். தவறு செய்தவர் ஆசிரியர் என்றால்? இது என் தவற்றைப் பற்றிய பதிவு.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு நானே ஒரு கணக்கை எழுதிக் கொடுத்தேன். 'சிப்பாங்கிலுள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திலிருந்து காலை 9.00 மணிக்குப் புறப்படும் விமானம், காலை 10.30க்குச் சென்னையைச் சென்றடைகிறது. பயண நேரம் என்ன?' ஒரு மாணவன் மட்டும் நான்கு மணி நேரம் என்று எழுதியிருந்தான். தவறு என்று குறியிட்டேன். அவன் என் மேசையருகே வந்து, "டீச்சர், நான் போயிருக்கிறேன். இறங்கியதும் அப்பா கைக்கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பினார்" என்றான்.

அவன் சொன்னதே சரி. பயணச்சீட்டில் அச்சிடப்படுவது அந்தந்த ஊரின் நேரம். நம் நேரம் இந்திய நேரத்தைவிட 2 மணி 30 நிமிடம் முந்தியது. திரும்பி வரும்போது காலை 11.30க்குச் சென்னையில் ஏறினால், மாலை 6.00 மணிக்கு இங்கே இறங்குவோம். வெறுமனே கழித்தால் ஆறரை மணி நேரம் என்று வரும். உண்மையில் அதுவும் நான்கு மணி நேரமே.

இந்த வேறுபாடும் என்றும் ஒரே அளவாக இருந்ததில்லை. 1982 சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளியது. அதற்கு முன் இடைவெளி இரண்டு மணி நேரம்தான். கதிரவன் காட்டும் நேரம் வேறு, அரசாங்கம் வகுக்கும் நேரம் வேறு என்பதை விளக்க இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

என் விடையின் பொருத்தத்தையாவது நான் சோதித்திருக்கலாம். இரு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்வான் தொலைவு சுமார் 2,630 கிலோமீட்டர். அதை ஒன்றரை மணி நேரத்தில் கடக்க வேண்டுமானால், மணிக்கு 1,750 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அது ஒலியின் வேகத்தையும் மிஞ்சிவிடும்! பயணிகள் விமானம் வானில் மணிக்கு ஏறக்குறைய 800 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்கிறது.

மூவாரில் விமான நிலையம் இல்லை. இங்கிருந்து சிப்பாங்கிற்குக் காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்; அங்கே காத்திருப்பு மூன்று மணி நேரம். ஆக, பறக்கும் நேரத்தைவிட மற்ற நேரமே மிகுதி. இதையும் மாணவர்களே கணக்கிடட்டும். நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்கு வந்து சேர ஏறத்தாழ ஒரு வாரம் ஆனதையும் உடன் சொல்லுங்கள். கணிதப் பாடத்திலேயே வரலாறும் வந்துவிடும்.

பெற்றோர்களே, அடுத்த முறை பயணச்சீட்டு வாங்கினால் அதைப் பிள்ளைகளிடம் கொடுத்து நேரத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள். ஆசிரியர்களே, விடைத்தாளில் வேறொரு விடையைக் கண்டால், குறியிடுவதற்கு முன் 'எப்படி வந்தது?' என்று ஒருமுறை கேளுங்கள். நான் கேட்கவில்லை.

மறுநாள் வகுப்பின் முன்னிலையில் அந்த மாணவனிடம் மன்னிப்புக் கேட்டு, மதிப்பெண்ணைத் திருத்தினேன். கடிகாரத்தைத் திருப்பிய கதையை அவனையே கரும்பலகையருகே வந்து சொல்லச் சொன்னேன். அன்றைய பாடத்தை நடத்தியவன் அவனே.

சிந்திப்போம்.