கணக்கு எழுதியவரே தணிக்கையும் செய்யலாமா?

ஒரு நிறுவனத்தின் பேரேட்டை எழுதியவரே அதற்குத் தணிக்கைச் சான்றும் கொடுத்தால் யாராவது ஒப்புக்கொள்வார்களா? வணிகவியல் முதலாண்டு மாணவன்கூடச் சிரிப்பான். ஆனால் பொறியியல் ஆய்வில் இது பல இடங்களில் சாதாரணமாக நடக்கிறது. இரண்டு பரப்புகள் ஒன்றோடொன்று உரசும்போது என்ன ஆகும் என்று கணினியில் மாதிரி செய்கிறார்கள். சிவப்பும் நீலமுமாக ஓர் அழுத்தப்படம் வருகிறது. 'சோதனையோடு நன்கு பொருந்துகிறது' என்று ஒரு வரி. கட்டுரை தயார்!

பொருந்தாமல் எப்படிப் போகும்? தேய்மானத்தைக் கணக்கிடப் பெரிதும் பயன்படுவது 1953இல் ஆர்ச்சர்ட் வெளியிட்ட சூத்திரம். சுமையையும் சறுக்கிய தூரத்தையும் பெருக்கி, பொருளின் கடினத்தன்மையால் வகுத்து, ஒரு கெழுவால் பெருக்க வேண்டும். அந்தக் கெழுவைச் சூத்திரம் தராது. தேய்த்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். எந்த உலோகம், எண்ணெய் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்து அது ஆயிரம் மடங்குகூட மாறும். ஒரு சோதனையிலிருந்து கெழுவை எடுத்து, அதே சோதனையின் முடிவை மாதிரி 'கணித்துவிட்டது' என்றால் அது கணிப்பா? இருப்புநிலைக் குறிப்பு சமமாக வேண்டும் என்று நடுவில் ஓர் எண்ணைச் செருகுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

தொடுகைக் கணக்கிலும் இதே கதைதான். 1882இல் ஹெர்ட்ஸ் வழவழப்பான வளைபரப்புகளுக்குக் கணக்குப் போட்டார். உண்மையான உலோகப் பரப்போ நுண்ணிய மேடுபள்ளம் நிறைந்தது. தொடுவதுபோலத் தெரியும் பரப்பில் மிகச் சிறு பங்குதான் உண்மையில் தொடுகிறது. 1966இல் கிரீன்வுட்டும் வில்லியம்சனும் எல்லா மேட்டு முனைகளுக்கும் ஒரே வளைவு என்று வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு அது பெரிய முன்னேற்றம். இன்றும் கேள்வி கேட்காமல் அதையே எடுத்தாள்வது சோம்பல்.

அப்படியானால் கணினி மாதிரியே வேண்டாமா? வேண்டும். உராய்வியலை ஒழுங்காகப் பயன்படுத்தினால் பிரிட்டனுக்கு ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சமாகும் என்று 1966லேயே ஜோஸ்ட் குழு சொன்னது. பிரேக், செயற்கை இடுப்பு மூட்டு, கசிவுத் தடுப்பு வளையம் எல்லாம் இந்தக் கணக்கை நம்பியவை. அதனால்தான் தணிக்கை வேண்டும் என்பது.

முடியாத காரியமும் அல்ல. 2015இல் ஜெர்மனியின் மார்ட்டின் மியூசர் ஒரு சவால் விட்டார். பரப்பு, பொருளின் மீள்தன்மை, ஒட்டுவிசை எல்லாவற்றையும் திட்டமாக வரையறுத்த ஒரே கணக்கு. யார் வேண்டுமானாலும் தங்கள் முறையில் விடை அனுப்பலாம். 2017இல் எல்லா விடைகளும் ஒரே குறிப்பு விடையோடு ஒப்பிடப்பட்டு வெளியாகின. ஒவ்வொரு முறையும் சில கேள்விகளுக்காவது திருப்தியான விடை தந்தது. ஆனால் துல்லியத்தில் வேறுபாடு இருந்தது. எந்த முறையை எங்கே நம்பலாம் என்பது வெளிச்சத்துக்கு வந்தது. யாருடைய மானமும் போய்விடவில்லை!

இது ஒரு முறை நடந்த விழாவாக நின்றுவிடக் கூடாது. கெழு எடுத்த சோதனை வேறு, மாதிரியைச் சரிபார்க்கும் சோதனை வேறாக இருக்கட்டும். சோதனைக்கு முன்பே கணிப்பை எழுதி வைக்கட்டும். பரப்பின் அளவீடுகளையும் நிரலையும் எல்லோரும் பார்க்கத் தரட்டும். இவை இல்லாத கட்டுரையை ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பட்டும்.

கணக்குப் புத்தகத்தில் தேய்மானத்தைத் தவறாகக் காட்டினால் பங்குதாரருக்கு நட்டம். இயந்திரத்தின் தேய்மானத்தைத் தவறாகக் காட்டினால் அந்த பிரேக்கை நம்பி வண்டியில் ஏறியவருக்கு நட்டம்.