கார்களுக்கு ஓய்வு! கால்களுக்குக் கொண்டாட்டம்!

மாலை 6 மணி அடிக்கிறது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் போலீசார் தடுப்புகளை இழுத்துக் குறுக்கே வைக்கிறார்கள். அவ்வளவுதான்! மறுநாள் காலை 7.30 மணி வரை எந்த வண்டியும் உள்ளே போக முடியாது. அதுவரை அந்தச் சாலை கால்களுக்குச் சொந்தம்.

டிக்கெட் கிடையாது. வாசல் கிடையாது. "பெரியவருக்கு இவ்வளவு, சிறுவருக்கு இவ்வளவு" என்ற பலகையும் கிடையாது. ஆனாலும் இருட்டத் தொடங்கியதும் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. பேரனின் கையைப் பிடித்தபடி தாத்தா வருகிறார். மில்லிலும் கடையிலும் வேலை முடித்தவர்கள் மனைவி மக்களோடு வருகிறார்கள். சுண்டல்காரர் வருகிறார். பலூன்காரர் வருகிறார். பெங்களூரில் இருந்தும் சென்னையில் இருந்தும் வந்த வெளியூர்க்காரர்களும் வருகிறார்கள்.

ஒரு கிலோ மீட்டருக்குச் சற்றே மேற்பட்ட நீளம் உள்ள சாலை இது. பெரிய பெரிய கேளிக்கைப் பூங்காக்களை எல்லாம் விட இதுவே மேல் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

பகலில் ஏது நேரம்?

பாடுபட்டுப் பிழைப்பவனுக்குப் பகல் என்பது வேலைக்கு உரியது. வீட்டில் இருக்கும் பெண்களுக்கோ, மாலை விளக்கு வைக்கும்வரை வேலை ஓயாது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். குடும்பம் முழுவதும் ஒன்றாகச் சேர்ந்து இருக்கும் நேரம் ராத்திரிதான். அந்த நேரத்தில் அவர்கள் போவதற்கு ஓர் இடம் வேண்டாமா?

சென்னைக்குப் பக்கத்தில் ராட்டினமும் நீர்ச் சறுக்கும் உள்ள பூங்காக்கள் பல இருக்கின்றன. அவை பெரும்பாலும் காலையில் திறந்து, பொழுது சாயும்போது மூடிவிடுகின்றன. வேலை செய்பவன் அங்கே போகவேண்டும் என்றால் ஒரு நாள் கூலியை விடவேண்டும். வீட்டில் ஐந்து பேர் என்றால் ஐந்து டிக்கெட் வாங்கவேண்டும். சித்திரை வெயிலில் வரிசையில் நிற்கவேண்டும். நெருப்பாய்க் கொதிக்கும் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து சுற்றவேண்டும். இது இன்பமா, தண்டனையா?

வெப்பம் மிகுந்த நாடு நம்முடையது. இங்கே விளையாட்டுக்கு ஏற்ற நேரம் இருட்டிய பிறகுதான். கடற்கரையில் இது இன்னும் உண்மை. பகல் முழுவதும் தரை வேகமாகச் சூடாகிறது. கடல் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. தரையின் மேல் உள்ள காற்று சூடாகி மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலில் இருந்து குளிர்ந்த காற்று ஓடி வருகிறது. மாலையில் புதுவைத் தெருக்களில் வீசுகிறதே, அந்தக் காற்று இதுதான். பணக்காரன் வீட்டில் இதற்கு மின்சாரக் கட்டணம் கட்டவேண்டும்!

கூத்தும் கொட்டகையும்

இரவில் வேடிக்கை பார்ப்பது நமக்குப் புதிது அல்ல. தெருக்கூத்து எப்போது தொடங்கும்? ஊரே சாப்பிட்டு முடித்த பிறகு தொடங்கும். விடியும்வரை நடக்கும். கோவில் தெப்பம் இரவில்தான் விடுவார்கள். டூரிங் டாக்கீஸ் இருந்த காலத்தில், கீற்றுக் கொட்டகைக்குள் பகல் வெளிச்சம் புகுந்துவிடும் என்பதால், இருட்டிய பிறகே படம் ஓடும். உழைத்தவன் உழைப்பு முடிந்த பின்னரே மகிழட்டும் என்று நம் முன்னோர்கள் நேரம் பார்த்து வைத்திருந்தார்கள்.

வெளிநாட்டிலும் இந்த ரகசியம் தெரிந்தவர்கள் உண்டு. டென்மார்க் நாட்டின் தலைநகரான கோபன்ஹேகனில் 'டிவோலி' என்ற பூங்கா 1843ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான வண்ண விளக்குகளோடு இன்றும் அது நடக்கிறது. மக்கள் மகிழ்ச்சியாக இருந்தால் அரசியலை நினைக்கமாட்டார்கள் என்று மன்னரிடம் சொல்லி அதற்கு அனுமதி வாங்கினார்கள் என்று ஒரு கதை உண்டு! நம் ஊரில் அந்தத் தந்திரம் பலிக்காது. புதுவைக் கடற்கரையில் நாலு பேர் உட்கார்ந்தால் பேசுவதே அரசியல்தான்.

அமெரிக்காவில் 1955ஆம் ஆண்டு 'டிஸ்னிலாண்டு' திறந்தாரே வால்ட் டிஸ்னி, அவரும் அதற்கு முன்பு டிவோலிக்குப் போய்ப் பார்த்து வந்தவர்.

கடல் கடந்து பிழைக்கப்போன தமிழர்களுக்கும் இந்த இரவு இன்பம் கிடைத்தது. சிங்கப்பூரில் 1923ஆம் ஆண்டு 'நியூ வேர்ல்டு' என்ற கேளிக்கைப் பூங்கா ஏற்பட்டது. பிறகு 'கிரேட் வேர்ல்டு', 'ஹேப்பி வேர்ல்டு' என்று மேலும் இரண்டு வந்தன. சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் வேலை முடிந்து இரவில் அங்கே கூடினார்கள். நாடகம், குத்துச்சண்டை, ராட்டினம், சாப்பாட்டுக் கடை எல்லாம் ஒரே இடத்தில். இன்று அந்த மூன்றும் இல்லை. பூங்கா என்றால் ஒரு நாள் மூடக்கூடும். சாலையை அப்படி மூடிவிட முடியாது.

கதை சொல்லும் சாலை

புதுவைக் கடற்கரைச் சாலையில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வடக்குத் தெற்காக ஒருமுறை நடந்து பாருங்கள்.

முதலில் பெயர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இதற்கு 'கூர் ஷப்ரோல்' என்று பெயர். இன்று 'குபேர் சாலை'. புதுவையில் முதல்-மந்திரியாக இருந்த எதுவார் குபேரின் பெயர் அது. செல்வத்துக்கு அதிபதியான குபேரன் என்று குழந்தைகள் நினைத்துக்கொண்டால் சிரித்துவிட்டுத் திருத்துங்கள்.

காந்தி சிலையைச் சுற்றி எட்டுக் கல்தூண்கள் நிற்கின்றன. அவை செஞ்சியில் இருந்து வந்தவை. பகலில் அந்தக் கற்களைத் தொட்டால் சுடும். இரவில் குழந்தைகள் அவற்றைச் சுற்றிக் கண்ணாமூச்சி ஆடுகிறார்கள். அருகே வெள்ளையாக உயர்ந்து நிற்பது பழைய கலங்கரை விளக்கம். 1836ஆம் ஆண்டு அதில் முதன் முதலாக விளக்கு எரிந்தது. 1979ஆம் ஆண்டுவரை கப்பல்களுக்கு வழி காட்டியது.

கடலுக்குள் சில பழைய தூண்கள் தலை நீட்டிக்கொண்டு இருக்கும். நிலா வெளிச்சத்தில் பார்த்தால் யாரோ நிற்பதுபோல் இருக்கும். பயப்பட வேண்டாம். அங்கே 1866ஆம் ஆண்டு கட்டிய இரும்புப் பாலம் இருந்தது. கப்பல் சரக்குகள் அதன் வழியாகத்தான் இறங்கின. 1952ஆம் ஆண்டு அடித்த புயல் அதை உடைத்துவிட்டது.

'மேரி' என்று எல்லாரும் சொல்லும் நகர மண்டபம் 2014ஆம் ஆண்டு மழையில் இடிந்து விழுந்தது. பழைய அமைப்பிலேயே மறுபடியும் கட்டி 2021ஆம் ஆண்டு திறந்தார்கள். விளக்குப் போட்ட பிறகு அந்தக் கட்டிடத்துக்குத் தனி அழகு.

முதல் உலகப் போரில் பிரான்சுக்காகச் சண்டையிட்டு மாண்டவர்களுக்கு 1938ஆம் ஆண்டு எழுப்பிய நினைவுச் சின்னம் ஒன்றும் இந்தச் சாலையில் உண்டு. ஜூலை 14, பிரெஞ்சு தேசிய தினம். அதற்கு முந்தின இரவில், பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துத் திரும்பிய 'சொல்தா' குடும்பங்கள் கையில் விளக்கு ஏந்தி ஊர்வலம் போவது வழக்கம். பார்க்கவேண்டிய காட்சி அது.

சாலைக்கு மேற்கே கூப்பிடு தூரத்தில் பாரதி பூங்கா. அதன் நடுவே ஆயி மண்டபம். ஆயி ஒரு தாசி என்றும், அவள் வீட்டைக் கோவில் என்று நினைத்து ஓர் அரசர் கும்பிட்டுவிட்டார் என்றும், கோபத்தில் அதை இடிக்கச் சொன்னார் என்றும், தன் வீட்டைத் தானே இடித்து அந்த இடத்தில் அவள் குளம் வெட்டினாள் என்றும் கதை. அந்த முத்திரையர்பாளையத்துத் தண்ணீர்தான் பிறகு நகரத்துக்கு வந்தது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டிய மண்டபம் அது. மன்னர் பெயர் பலருக்குத் தெரியாது. ஆயி பெயர் தெரியாத புதுவைக் குழந்தை இல்லை!

எல்லாவற்றுக்கும் மேலாக நிலா. கிழக்குக் கடற்கரையில் இருப்பவர்களுக்குக் கிடைத்த பேறு இது. பௌர்ணமி அன்று மேற்கே சூரியன் மறையும் நேரத்தை ஒட்டிக் கிழக்கே கடலில் இருந்து நிலா எழும்பும். முதலில் செம்பு நிறம். பிறகு மஞ்சள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மேல் வெள்ளிப் பாதை. இதற்கு எந்தப் பூங்காவில் டிக்கெட் விற்கிறார்கள்?

ராட்டினம் வேண்டாமா?

"நிலாவும் காற்றும் போதுமா? பிள்ளைகள் ராட்டினம் கேட்கிறார்களே" என்று தாய்மார்கள் சொல்வது காதில் விழுகிறது. நியாயம்தான். ராட்டினத்தில் ஏறாத குழந்தைப் பருவம் ஒரு குழந்தைப் பருவமா? சென்னை தீவுத்திடலில் ஆண்டுதோறும் சுற்றுலாப் பொருட்காட்சி நடக்கிறது. இருட்டிய பிறகு அங்கே பாருங்கள். ராட்சத ராட்டினத்தில் விளக்கு எரிகிறது. மேலே போனவர்கள் அலறுகிறார்கள். கீழே நிற்பவர்கள் டெல்லி அப்பளத்தைக் கடித்தபடி சிரிக்கிறார்கள். புதுவையிலும் திருவிழாக் காலங்களில் ராட்டினம் வரட்டும். திடலில் வரட்டும். இரவு 10 மணிவரை சுற்றட்டும். சுற்றுவதற்கு முன்பு இயந்திரத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு அனுமதி கொடுக்கட்டும்.

ஆனால் கடற்கரைச் சாலைக்கே அதைக் கொண்டு வரக்கூடாது. ஒரு ராட்டினம் வந்தால் கூடவே ஒலிபெருக்கி வரும். பிறகு வேலி வரும். வேலி வந்தால் டிக்கெட் வரும். டிக்கெட் வந்தால், இன்று கையில் காசு இல்லாமல் நிமிர்ந்து நடக்கும் மனிதன் வேலிக்கு வெளியே நிற்பான். சாலையில் பத்து ரூபாய்க்குச் சுண்டல் வாங்கியவனும், ஓட்டலில் ஆயிரம் ரூபாய்க்குச் சாப்பிட்டவனும் ஒரே கைப்பிடிச் சுவரில் உட்காருகிறார்கள். அந்தச் சுவர் அப்படியே இருக்கட்டும்.

பெண்கள் படும் பாடு

புகழ்ந்தது போதும். குறையும் சொல்லவேண்டும்.

கடற்கரைக்கு வரும் பெண்கள் இரண்டு மணி நேரம் உட்கார முடியாமல் எழுந்து போவது ஏன்? பக்கத்தில் சுத்தமான கழிப்பிடம் கைக்கு எட்டும்படி இல்லை. ஆண்களுக்கு இது ஒரு பொருட்டாகத் தெரியாது. நாலு பெண்களைக் கேட்டால் தெரியும். சாலை முழுவதும் அலங்கார விளக்குப் போடும் செலவில் ஒரு பகுதியை இதற்குக் கொடுத்தால், பாதிக் குடும்பங்கள் இன்னும் ஒரு மணி நேரம் மகிழ்ச்சியாக இருக்கும்.

அடுத்தது பஸ். பாகூரில் இருந்தும் வில்லியனூரில் இருந்தும் வருபவர்கள் நிலா மேலே வருவதற்குள் "கடைசி பஸ் போய்விடும்" என்று எழுந்து ஓடுகிறார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாட்களிலாவது இரவு 10 மணிக்கு மேல் கிராமங்களுக்குப் பஸ் விடலாம். கார் உள்ளவனுக்கு மட்டும் இரவு என்றால், கார்களைத் தடுத்து வைத்ததன் பயன் என்ன?

மூன்றாவது குடி. புதுவையில் மது மலிவு என்று தேடி வரும் கூட்டம் ஒன்று உண்டு. விருந்தாளிகளை வரவேற்போம். குடித்துவிட்டு வந்து குடும்பங்கள் நடுவே தள்ளாடுபவர்களை வரவேற்க முடியாது. சிவப்புத் தொப்பிப் போலீசார் இதில் முகதாட்சணியம் காட்டக்கூடாது.

கரையில் கொட்டிக் கிடக்கும் கருங்கற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1980-களில் துறைமுகத்துக்காகத் தடுப்புச் சுவர் கட்டியபோது மணல் வரத்து தடைப்பட்டது. கரை அரித்தது. அதைக் காக்கக் கல் போட்டார்கள். பிறகு கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பின்னர், தலைமைச் செயலகம் பக்கம் மணல் கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது. கற்கள் பாசி பிடித்தவை. இரவில் அவற்றின் மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள். கடலிலும் இறங்காதீர்கள். அலை இழுத்தால் இருட்டில் யாருக்கும் தெரியாது.

வாய்க்காலுக்கு மேற்கே...

இனி முக்கியமான கேள்வி. பிரெஞ்சுக்காரர் காலத்தில் நகரத்தின் நடுவே ஓடும் வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் பகுதி. மேற்கே தமிழர் பகுதி. 1954ஆம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி ஆட்சி கைமாறியது. 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. ஆனால் வண்டி இல்லாத சாலை என்னவோ இன்றும் கிழக்கே மட்டும்தான் இருக்கிறது!

முதலியார்பேட்டையிலும், முத்தியால்பேட்டையிலும், லாஸ்பேட்டையிலும் பிள்ளைகள் இல்லையா? ஞாயிற்றுக்கிழமை மாலை 6 மணி முதல் 10 மணிவரை ஒவ்வொரு பேட்டையிலும் ஒரே ஒரு தெருவில் வண்டியை நிறுத்தட்டும். அதற்கு ஒரு கோடி ரூபாய் திட்டம் வேண்டாம். இரண்டு தடுப்புகளும் இரண்டு போலீசாரும் போதும். வியாபாரம் கெடும் என்று கடைக்காரர்கள் பயப்படவும் வேண்டாம். மகாத்மா காந்தி சாலையில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையைப் பார்க்கட்டும். நடந்து வருகிறவன்தான் நின்று சாமான் வாங்குகிறான். வண்டியில் போகிறவன் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடுகிறான்.

அதுவரை, முடிந்தவர்கள் கடற்கரைச் சாலைக்கு வாருங்கள். வண்டியை நாலு தெரு தள்ளி நிறுத்துங்கள். வீட்டில் இருந்து தண்ணீரும், பாட்டி உட்கார ஒரு விரிப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். சுண்டல் தாளைக் கடலில் போடாமல் கையோடு கொண்டுபோங்கள். காலண்டரில் அடுத்த பௌர்ணமி என்றைக்கு என்று இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.