கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு பரண்

வீட்டில் பரண் என்று ஒன்று இருந்துவிட்டால் போதும், உடைந்த குடையும் மூடியில்லாத டப்பாவும் தானாகவே அதில் ஏறிவிடும். கம்ப்யூட்டரும் அப்படித்தான் சகோதரிகளே. கண்ணுக்குத் தெரியாத பரண் என்பதால் நாம் ஏறிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டு லாப்டாப் பழசு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்தது. புதிது வாங்குகிற நிலைமை இல்லை. என் அக்கா மகன்தான் ‘உபுண்டு’ என்கிற லினக்ஸைப் போட்டுக் கொடுத்தான். இதற்குக் காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் போட்டுக் கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறார்கள் என்றும் பிரித்துப் பார்க்கலாம். 1991-ல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் ஆரம்பித்த வேலை. பிறகு உலகம் முழுவதும் பல பேர் கை கொடுத்து வளர்த்தது. ஊர் கூடி இழுக்கும் தேர் மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. போன மாதம் ஒருநாள் “டிஸ்கில் இடமில்லை” என்று எழுத்து வந்தது. மறுநாள் காலையில் பாஸ்வேர்டு போட்டால் திரை ஒரு தடவை மின்னிவிட்டு, மறுபடியும் பாஸ்வேர்டு கேட்டது. பத்துத் தடவை போட்டாலும் அதே கதை. பெண்ணுக்கு நாலு நாளில் காலேஜ் பிராஜெக்ட் கொடுக்க வேண்டும். பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டு போனேன். “ஃபார்மேட் பண்ணிடலாம்மா. ஐநூறு ரூபா ஆகும். உள்ளே இருக்கறதெல்லாம் போயிடும், பரவாயில்லையா?” என்றார் கடைக்காரர்.

பரவாயில்லையாவா! என் மாமனார் காலமாகி ஒரு வருஷம்தான் ஆகிறது. அவருடைய சதாபிஷேகப் போட்டோக்களும், பேத்திக்குச் சொன்ன நரிக்கதையும், நடுநடுவே “ம், கேக்கறியா?” என்று அதட்டுகிற அவர் குரலும் அதற்குள்ளேதான் இருக்கின்றன. வேறு எங்கேயும் பிரதி இல்லை. பையைத் தூக்கிக் கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்கா மகனுக்கு போன் போட்டேன். “பதறாதீங்க சித்தி, ஒண்ணும் போகலை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூணையும் சேர்த்து அழுத்துங்க” என்றான். சில லாப்டாப்பில் ‘எஃப்என்’ பட்டனையும் கூடப் பிடிக்க வேண்டுமாம். படம் எதுவும் இல்லாமல் கறுப்புத் திரை வந்தது. பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போய், ‘சூடோ ஆப்ட் கிளீன்’ என்று மூன்று ஆங்கில வார்த்தைகளை, சின்ன எழுத்தில், நடுவில் இடம் விட்டு அடிக்கச் சொன்னான். பாஸ்வேர்டு அடிக்கும்போது எங்கள் கம்ப்யூட்டரில் புள்ளிகூடத் தெரியாது. விரல் பாட்டுக்கு அடித்துவிட்டு என்டரைத் தட்ட வேண்டியதுதான். பழைய அப்டேட்டுகளின் பொட்டலங்கள் எல்லாம் இப்படிக் கழிந்தன. அணைத்துப் போட்டதும் வழக்கமான திரை வந்துவிட்டது!

இடம் நிரம்பினால் உள்ளே நுழையக்கூட முடியாமல் போவானேன்? நாம் நுழையும்போது கம்ப்யூட்டர் தனக்கென்று சின்னச் சின்னக் குறிப்புகளை எழுதிக் கொள்கிறது. எழுத இடமில்லாவிட்டால் கதவைச் சாத்தி விடுகிறது. ஆனாலும் கறுப்புத் திரையில் வேலை நடந்ததே, அது எப்படி என்று கேட்டேன். டிஸ்கில் சாதாரணமாக நூற்றுக்கு ஐந்து பங்கை நிர்வாகிக்கு என்று லினக்ஸ் ஒதுக்கி வைக்கிறதாம். நாம் பருப்பு டப்பாவுக்குள் பத்து ரூபாய் நோட்டை ஒளித்து வைப்பதில்லையா, அந்த சாமர்த்தியம்தான். எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று.

உள்ளே போனதும் முதல் வேலையாக மாமனார் போட்டோக்களையும் குரலையும் வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி எடுத்தேன். துப்புரவை அதற்குப் பிறகுதான் தொடங்கினேன். தயவுசெய்து நீங்களும் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்க கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் அழுத்தினால் டெர்மினல் திறக்கும். உபுண்டுவில் அது நல்ல கத்தரிக்காய் நிறம்! அதில் ‘டிஎஃப்’ என்று அடித்து, இடம் விட்டு, ஒரு சின்னக் கோடு போட்டு ‘எச்’ அடித்தால் கணக்கு வரும். அதில் ‘லூப்’ என்ற பெயர் வரும் வரிகள் இருந்தால், அவை நூற்றுக்கு நூறு நிறைந்திருப்பதாகக் காட்டும். பயப்படாதீர்கள். அவை ஊறுகாய் ஜாடி மாதிரி, அளவாக நிரப்பி மூடி போட்டு வந்தவை, எப்போதும் நூறுதான். கடைசியில் வெறும் ஒரு சாய்வுக் கோடு மட்டும் இருக்கும் வரிதான் நம் வீடு. 120 ஜிபி டிஸ்கை அது 111 அல்லது இன்னும் குறைவாகக் காட்டினால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். விற்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கம்ப்யூட்டர் 1024 ஆக எண்ணுகிறது.

டெர்மினல் பிடிக்காதவர்களுக்கு ‘டிஸ்க் யூஸேஜ் அனலைசர்’ என்று ஒன்று உண்டு. உங்களிடம் இல்லாவிட்டால் ஆப் சென்டரில் இலவசமாகக் கிடைக்கும். எந்தப் பெட்டி எவ்வளவு அடைத்திருக்கிறது என்று வண்ண வளையங்களாகக் காட்டும். எங்கள் வீட்டு வளையத்தைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ‘டவுன்லோட்ஸ்’ மட்டும் 14 ஜிபி! கரண்ட் பில் ரசீது ஆறு பிரதிகள், என் வீட்டுக்காரர் இறக்கிய ஒரே சினிமா இரண்டு தடவை, குட்மார்னிங் ரோஜாப்பூக்கள். குப்பைத்தொட்டியில் 9 ஜிபி. அழித்தது எல்லாம் அங்கேதான் குந்தியிருக்கும், அதைக் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும். குப்பைத்தொட்டியில் 30 நாளுக்கு மேல் கிடப்பவை தானாக அழியும்படி செட்டிங்ஸில், பிரைவசி பகுதியில் வைத்துவிடலாம்.

அடுத்தது ‘கெர்னல்’. இதுதான் லினக்ஸின் உயிர்நாடி. அப்டேட்டில் புதிது வரும்போது பழையது உடனே போய்விடாது. ஒவ்வொன்றும் சில நூறு எம்பி. ‘சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்’ என்று அடித்தால், இப்போது ஓடுவதையும் அவசரத்துக்கு இன்னொன்றையும் வைத்துக்கொண்டு, மற்றதைக் கழித்துவிடும். கழிப்பதற்கு முன் பட்டியல் காட்டிக் கேட்கும். படித்துப் பார்த்துவிட்டு ‘ஒய்’ அடியுங்கள். அதில் ‘உபுண்டு டெஸ்க்டாப்’ என்று எதுவும் தென்பட்டால் ‘என்’ அடித்துவிட்டு, தெரிந்தவரைக் கேளுங்கள்.

கம்ப்யூட்டர் டைரியும் எழுதுகிறது! எப்போது எழுந்தது, எதில் தடுக்கியது என்று நிமிஷத்துக்கு நிமிஷம். எங்களுடையது 3 ஜிபிக்கு எழுதி வைத்திருந்தது. ‘சூடோ ஜர்னல்சிடிஎல்’ என்று அடித்து, இடம் விட்டு, இரண்டு சின்னக் கோடு, அதை ஒட்டி ‘வேக்கும்-சைஸ்=200எம்’ என்று இடைவெளி இல்லாமல் அடித்தால் ஏறக்குறைய 200 எம்பி மட்டும் வைத்துக்கொண்டு பழைய பக்கங்களைக் கிழித்துவிடும்.

இத்தனையும் செய்ததில் எங்களுக்கு 27 ஜிபிக்குக் குறையாமல் கிடைத்தது. பெண்ணும் நாள் தவறாமல் பிராஜெக்டைக் கொடுத்துவிட்டாள்.

ஒரு எச்சரிக்கை. வளையத்தில் ‘யூஎஸ்ஆர்’, ‘வார்’ என்றெல்லாம் பெரிது பெரிதாகத் தெரியும். அவை வீட்டின் தூண்கள். இடத்தை அடைக்கிறதே என்று உள்ளே போய்க் கையால் எதையும் அழிக்காதீர்கள். யாராவது ‘ஆர்எம்’ என்று தொடங்கும் கட்டளையைச் சொல்லிக் கொடுத்து, “இதை அடிங்க, சுத்தமா ஆயிடும்” என்றால் அடிக்கவே வேண்டாம். நிஜமாகவே சுத்தமாகிவிடும்! அந்தக் கட்டளை குப்பைத்தொட்டிக்குக்கூட அனுப்பாது, நேரே அழித்துவிடும்.

இதையெல்லாம் கேள்விப்பட்டு எதிர்வீட்டு அக்கா தன் பென்டிரைவைக் கொண்டு வந்தார். “உள்ளே ஒண்ணுமே இல்லை, ஆனா இடமில்லைங்குது. பேய் பிடிச்சிருக்கா?” என்றார். கன்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினேன். ‘ட்ராஷ்-1000’ என்று, முன்னால் புள்ளி வைத்த ஒரு மறைவுப் பெட்டி எட்டிப் பார்த்தது. லினக்ஸில் பென்டிரைவில் அழித்தவை அந்த பென்டிரைவுக்குள்ளேயே இப்படி ஒளிந்து கொள்ளும். அதைச் செருகியிருக்கும்போதே குப்பைத்தொட்டியைக் காலி செய்ய வேண்டும், எடுத்த பிறகு செய்தால் பலன் இல்லை. அழிப்பதற்கு முன் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். அவர் தேடிக் கொண்டிருந்த பேரனின் காதுகுத்து வீடியோ அதற்குள் இருந்தது.