பெட்டி காலி, செக்சம் சரி

2017 ஜனவரி 31 இரவு, மென்பொருள் திட்டங்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் துணைச் சர்வரில் அழிப்பதாக நினைத்துக்கொண்டு முதன்மைச் சர்வரின் தரவுத்தளத்தையே அழிக்கத் தொடங்கிவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி போய்விட்டது. கை தவறுவது எங்கும் நடப்பதுதான், அதற்காகத்தானே பேக்கப்? 24 மணி நேரத்துக்கு ஒருமுறை நகல் எடுத்து அமேசான் சேமிப்பகத்துக்கு அனுப்பும் ஏற்பாடு அங்கே இருந்தது. போய்த் திறந்து பார்த்தால் பெட்டி காலி. நகல் எடுக்கும் நிரல் 9.2 பதிப்பு, தரவுத்தளமோ 9.6. பழைய நிரல் புதிய தரவுத்தளத்தைத் தொட மறுத்து, ஓடிய ஒவ்வொரு முறையும் பிழை காட்டிவிட்டு நின்றிருக்கிறது. அந்தப் பிழையைச் சொல்லக் கிளம்பிய மின்னஞ்சல்களும் அனுப்புநரைச் சரிபார்க்கும் சோதனையில் தேறாமல் வாசலிலேயே தள்ளுபடியாகிவிட்டன. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுக்கப்பட்ட ஒரு நகல்தான் கடைசியில் கைகொடுத்தது. இடைப்பட்ட நேரத்தில் உருவான ஏறத்தாழ 5,000 திட்டங்களின் விவரங்களும் 700 புதிய பயனர் கணக்குகளும் திரும்பவில்லை. (இவ்வளவும் வெளியே தெரிந்ததற்குக் காரணம், நிறுவனமே எதையும் மறைக்காமல் எழுதி வெளியிட்டதுதான். அந்தத் துணிச்சல் எல்லாருக்கும் வராது.)

இந்தச் சம்பவத்தைப் பேக்கப்பின் தோல்வி என்று சொல்வது வழக்கம். வாசிப்பின் தோல்வி என்பதே பொருத்தம் என்று நினைக்கிறேன். பிழை இருந்தது, அது எழுதப்பட்டும் இருந்தது, படிக்க ஆளில்லை. கடிதம் வராததை எல்லாரும் நலம் என்று எடுத்துக்கொண்டார்கள். லாக் என்பது ஒரு நிரல் தன் கண்ணில் பட்டதை எழுதிவைக்கும் நாட்குறிப்பு, அவ்வளவுதான். என்ன இருந்திருக்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. அது படிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விண்டோஸ் கணினிகளில் கோப்புகளை மொத்தமாக நகலெடுக்கும் ரோபோகாப்பியை எடுத்துக்கொள்வோம். வேலை முடிந்ததும் லாக்கின் அடியில் ஒரு சிறிய அட்டவணை வரும்: மொத்தம், நகலானவை, தவிர்த்தவை, பொருந்தாதவை, தோற்றவை, இலக்கில் மட்டும் கூடுதலாக இருப்பவை. கூடவே ஓர் எண்ணையும் விட்டுச்செல்லும். 1 என்றால் கோப்புகள் நகலாயின. 8 அல்லது அதற்கு மேல் என்றால் சில கோப்புகளாவது போய்ச் சேரவில்லை. 0 என்றால் தவறு ஏதும் நேரவில்லை, ஆனால் ஒரு கோப்புகூட நகலாகவில்லை. மற்ற இடங்களில் 0 வெற்றிக்குறி என்று பழகிய கண், இதையும் பார்த்துத் திருப்தியோடு கடந்துவிடும். தினமும் சில நூறு பக்கங்கள் ஸ்கேன் ஆகிவரும் ஒரு காப்பகத்தில் மூன்று நாள் தொடர்ந்து 0 வந்தால், ஸ்கேனர் நின்றிருக்கலாம், அல்லது ஸ்கேன் ஆனவை வேறொரு கோப்புறைக்குப் போய்க்கொண்டிருக்கலாம். நிரலைப் பொறுத்தவரை எல்லாம் சுகம். லினக்ஸ் பக்கம் பலர் பயன்படுத்தும் ஆர்சிங்கில் 23 என்றால் ஒரு பகுதிதான் போனது என்று பொருள். 24 என்றால், பட்டியல் எடுத்தபோது இருந்த கோப்பு நகலெடுக்கப் போகும்போது இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் தற்காலிகக் கோப்புகளால் 24 வருவது சகஜம். பூட்டி வைத்த காப்பகத்தில் வந்தால் அன்றைக்கே எழுந்து போய்ப் பார்க்க வேண்டும்.

செக்சம் இருக்கும்போது இந்தக் கவலை எதற்கு என்று தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். செக்சம் என்பது கோப்பின் கைரேகை. ஓர் எழுத்து மாறினாலும் ரேகை மாறிவிடும். அதன் பயனில் எனக்குச் சந்தேகமில்லை. 2007இல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் சுமார் 33,700 கோப்புகளின் செக்சத்தை மறுபடி கணக்கிட்டபோது 22 கோப்புகள் பொருந்தவில்லை. அவற்றைக் காட்டிக்கொடுத்தது அந்தக் கைரேகைதான். ஆனால் காலிக் கோப்புக்கும் கைரேகை உண்டு. எம்.டி.5 முறையில் அது எப்போதும் ‘டி41டி8’ என்றே தொடங்கும். ஒரு பட்டியலில் ஆயிரம் கோப்புகளும் இதே ரேகையோடு இருந்தால், சரிபார்க்கும் நிரல் ஆயிரம் முறை ‘சரி’ என்றே எழுதும். கோப்பு கெட்ட பிறகு ரேகை எடுத்தாலும் இதே கதிதான்: கெட்டது கெட்டபடியே பத்திரமாக இருக்கிறது என்று உறுதியளிக்கும். அதனால் லாக்கில் ‘சரி’யைத் தேடுவதற்கு முன் எத்தனை கோப்பு, எத்தனை பைட், ரேகை எடுத்த தேதி என்ன என்ற மூன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

லட்சக்கணக்கான வரிகளை மனிதர் படிக்க முடியுமா, அதற்குத்தான் எச்சரிக்கை மணி இருக்கிறதே என்பது அடுத்த கேள்வி. எல்லா வரியையும் படிக்கச் சொல்லவில்லை. நேற்றைய மொத்தத்தையும் இன்றைய மொத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ரேஷன் கடை இருப்புப் பதிவேட்டைப் புரட்டும் அதிகாரி ஒவ்வொரு அரிசியையும் எண்ணுவதில்லை. மணி அடிக்காததற்கு மணியே அறுந்துபோனது காரணமாக இருக்கலாம் என்பதைத்தான் கிட்லேப் கதையில் பார்த்தோம். ஆகவே தோல்விக்கு மட்டும் வரும் செய்தியைவிட, வெற்றியானாலும் தினம் எண்ணிக்கையோடு வரும் செய்தி மேல். வராத நாள் தெரிந்துவிடும். மீட்டுப் பார்ப்பதே உண்மையான சோதனை என்ற வாதத்தை அப்படியே ஏற்கிறேன். ஆனால் மீட்டுப் பார்ப்பது நூற்றில் சில பெட்டிகளைத்தான். மற்றவற்றுக்கு லாக்தான் சாட்சி.

அந்தச் சாட்சி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை, ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகச் சூப்பர் கணினியில் சுமார் 77 டெராபைட், ஏறத்தாழ 3.4 கோடி கோப்புகள் அழிந்தன. பாதிக்கப்பட்ட 14 ஆய்வுக் குழுக்களில் 4 குழுக்களின் தரவை மீட்க வழியில்லாமல் போனது. பத்து நாள் தாண்டிய லாக்குகளைத் துடைப்பதற்காக பேக்கப் நிரலில் இருந்த ஒரு கட்டளை, நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது மாற்றி எழுதப்பட்டதால், லாக்குக்குப் பதில் தரவைத் துடைத்துவிட்டது. இப்படி ஒரு நாள் வந்தால், என்னென்ன போயின என்று சொல்லவாவது ஒரு பட்டியல் வேண்டும். அது தரவு இருந்த அதே வட்டில் இருந்தால் தரவோடு சேர்ந்து போய்விடும்.

வில்லங்கச் சான்று முதல் ஓலைச்சுவடிப் படங்கள் வரை நம் ஊரிலும் எண்ம வடிவுக்கு வந்துகொண்டிருக்கின்றன. இந்த வேலைகளுக்கான ஒப்பந்தங்களில் எத்தனை டிபிஐ, என்ன கோப்பு வடிவம், எத்தனை நகல் என்று எழுதுகிறோம். இன்னும் இரண்டு வரி சேர்க்கலாம்: ஒப்படைக்கும் ஒவ்வொரு வட்டுடனும் அதன் லாக்கும் கோப்புப் பட்டியலும் தனி வட்டில் வர வேண்டும், அலுவலகத்தின் சொந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் பெயரும் தேதியும் போட்டுக் கையெழுத்திட்ட பிறகே பில் பாஸாக வேண்டும்.