படம் ஓடுதா, மிக்ஸி ஓடுதா?

மகன் வேலைக்காக வெளியூர் போய்விடுகிறான். அவன் கேம் ஆடிய கம்ப்யூட்டர் ஹாலுக்கு வந்து, பெரிய டிவியோடு சேர்ந்து ஹோம் தியேட்டர் ஆகிவிடுகிறது. சண்டைக் காட்சி வரை எல்லாம் பிரமாதம். கதாநாயகி கண் கலங்கி மெல்லப் பேசும்போதுதான் பெட்டிக்குள்ளிருந்து 'உஷ்ஷ்...' என்று இரைச்சல் கிளம்பும். தாத்தாவுக்கு வசனம் கேட்காது. வால்யூமைக் கூட்டுவார். அடுத்த காட்சியில் குண்டு வெடிக்க, தூங்கிய குழந்தை எழுந்து அழும்.

பல வீடுகளில் இதற்குக் காரணம் கிராபிக்ஸ் கார்டில் இருக்கும் ஃபேன். கடையில் கேட்டால் புதுக் கார்டு வாங்கச் சொல்வார்கள், ஆயிரக்கணக்கில் செலவு. அதற்கு முன் வீட்டிலேயே செய்து பார்க்க நிறைய இருக்கிறது.

முதலில், சத்தம் அந்த ஃபேனிலிருந்துதான் வருகிறதா? பிராசஸர், பவர் சப்ளை, கேபினட் என்று எல்லாவற்றுக்கும் ஃபேன் உண்டு. 'எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர்' என்ற இலவச மென்பொருள் எந்த கம்பெனி கார்டுக்கும் பொதுவாக வேலை செய்யும். அதில் கார்டு ஃபேனின் வேகத்தை ஒரு நிமிடம் கூட்டிப் பார்த்தால், சத்தமும் சேர்ந்து ஏறுகிறதா என்று தெரிந்துவிடும்.

சத்தத்தின் ரகமும் முக்கியம். 'உஷ்ஷ்' என்றால் காற்று. வேகத்தைக் குறைத்தால் அடங்கும். 'கர்ர்ர்' என்றால் பேரிங் தேய்ந்துவிட்டது. ஃபேனை மாற்றுவதுதான் வழி. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் கொஞ்ச நாள் ஓடும், அவ்வளவுதான். மெல்லிய 'கீச்' சத்தம் ஃபேனே இல்லை, கார்டிலுள்ள காயில்கள் அதிர்வது. அதற்குக் கார்டின் வேலைச் சுமையைக் குறைக்க வேண்டும்.

அடுத்தது தூசி. ஹாலை ஒட்டிச் சமையலறை இருக்கும் வீடுகளில் தாளிக்கிற புகை தூசியோடு சேர்ந்து பிசுக்காக அப்பிக்கொள்ளும். கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கார்டை வெளியே எடுத்து, மென்மையான பிரஷ்ஷால் தட்டி, பிளோயரால் ஊத வேண்டும். ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்வது அவசியம். இல்லாவிட்டால் காற்றின் வேகத்தில் அது கண்டபடி சுழன்று பேரிங் கெடும். வீடு பெருக்கும் வேக்குவம் கிளீனர் வேண்டாம். அதில் உண்டாகும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கொன்றுவிடலாம்.

கார்டு பல வருடப் பழசு என்றால், சிப்புக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே இருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். புதிதாகப் போட்டால் வெப்பம் குறையும், ஃபேனும் நிதானமாகும். வாரன்டி முடியாத கார்டில் ஸ்குரூவைத் தொடாமல் இருப்பதே நல்லது.

இனி வேகத்துக்கு வருவோம். ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத்தான் தோன்றும். ஆனால் காற்றும் பாதியாகிவிடும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு குறைத்தால் கார்டு கொதிக்கும். ஆஃப்டர்பர்னரில் எந்த வெப்பத்துக்கு எவ்வளவு வேகம் என்று ஒரு கோடு வரையலாம். 50 டிகிரி வரை 30 சதவிகிதம், 65-ல் 45, 75-ல் 65, 85-ஐத் தொட்டால் முழு வேகம் என்று வைப்பது பெரும்பாலான கார்டுகளுக்குப் பாதுகாப்பான தொடக்கம். கூடவே 'ஹிஸ்டெரெசிஸ்' என்ற கட்டத்தில் 4 அல்லது 5 என்று போட வேண்டும். வெப்பம் ஒரு டிகிரி இறங்கியதுமே ஃபேன் அடங்கி, உடனே மறுபடி எகிறும் கண்ணாமூச்சி அப்போதுதான் நிற்கும். ஒரே சீரான சத்தத்தைக் காது மறந்துவிடும். ஏறி இறங்கும் சத்தத்தை மறக்காது.

அதே மென்பொருளில் 'பவர் லிமிட்' அளவை 70 சதவிகிதத்துக்கு இறக்கலாம். படம் பார்ப்பதில் வித்தியாசமே தெரியாது. படத்தை மெருகேற்ற 'மேட்வி.ஆர்.' பயன்படுத்துகிறவர்கள் மட்டும் அதன் செட்டிங்ஸையும் ஒரு படி இறக்க வேண்டும். சும்மா ஓடும் படத்துக்குக் கார்டைக் கேம் அளவுக்கு உழைக்க வைப்பது அதுதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி: அந்தக் கார்டு தேவையா? 2017-ல் வந்த இன்டெல் 7-ம் தலைமுறை பிராசஸரிலிருந்தே, உள்ளிருக்கும் கிராபிக்ஸ் 4கே படங்களைச் சுலபமாகக் காட்டும். கார்டைக் கழற்றிவிட்டு, ஹெச்.டி.எம்.ஐ. கேபிளை மதர்போர்டில் செருகினால் போதும். இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்டெல் பிராசஸரின் பெயர் 'எஃப்' எழுத்தில் முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. மதர்போர்டில் இருப்பது பழைய 1.4 ஹெச்.டி.எம்.ஐ. என்றால், 4கே படம் நொடிக்கு 30 ஃபிரேமுக்கு மேல் வராது. சினிமாவுக்கு அது போதும், கிரிக்கெட்டுக்குப் போதாது.

கார்டு கட்டாயம் வேண்டும் என்றால், ஃபேனே இல்லாத ஜிடி 1030 போன்ற கார்டுகள் இருக்கின்றன. அது இழுப்பது 30 வாட்தான். பழைய கேம் கார்டை விற்ற பணத்திலேயே ஒன்று வாங்க முடிகிறதா என்று சென்னை ரிச்சி தெருவில் விசாரித்துப் பார்க்கலாம்.

கதவு போட்ட டிவி ஷோகேஸுக்குள் பெட்டியை அடைத்து, மேலே எம்ப்ராய்டரி துணியும் போர்த்தியிருந்தால் இதில் எதுவுமே பலிக்காது. வெளியேற வழியில்லாமல் அதே சூட்டுக் காற்றைத்தான் ஃபேன் திரும்பத் திரும்ப இழுக்கும். பின்பக்க பிளைவுட்டை எடுத்துவிட்டு, சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே நாலு விரற்கடை இடம் விட வேண்டும். கேபினட்டின் பின்னால் 120 மி.மீ. ஃபேன் ஒன்றை மெதுவாக ஓடவிட்டால் கார்டின் சின்ன ஃபேன் கத்த வேண்டியிருக்காது.

மாற்றங்களைச் செய்த அன்றைக்கே ஒரு முழுப் படத்தை ஓடவிட்டு, இடைவேளையிலும் முடிவிலும் கார்டின் வெப்பத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மே மாத மதியத்தில் 80 டிகிரிக்குள் நின்றால் கவலையில்லை. அதைத் தாண்டினால் ஃபேனை ஒரு படி கூட்டுவதே சரி.