லண்டனுக்குப் பெட்டி கட்டும் முன்

லண்டனில் எம்.பி.எச். படிக்க இடம் கிடைத்துவிட்டது என்றதும் நம் வீடுகளில் நடக்கும் முதல் வேலை குளிர்ச் சட்டை தேடுவது. இரண்டாவது, மிளகாய்த்தூள் பொட்டலம் கட்டுவது. இரண்டும் அங்கேயே கிடைக்கும். ஈஸ்ட் ஹாம் பக்கம் போனால் முருங்கைக்காய்கூட வாங்கலாம். பல்கலைக்கழகம் அனுப்பிய விதிமுறைக் கையேட்டை உட்கார்ந்து படிக்கத்தான் அங்கே நேரம் கிடைக்காது. முழுநேரப் படிப்பென்றால் பெரும்பாலும் ஓராண்டுதான். அதற்குள் 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேரம் என்ற கணக்கில் 1,800 மணி நேர உழைப்பு.

நம் நாட்டிலிருந்து இந்தப் படிப்புக்குப் போகிறவர்களில் பலர் பள்ளி முடித்த பிள்ளைகள் அல்லர். கிளினிக்கிலும் மாவட்டச் சுகாதார அலுவலகத்திலும் சில ஆண்டுகள் வேலை பார்த்த டாக்டர்கள், தாதியர். கைக்குழந்தையோடு இருப்பவர்களும் உண்டு. அவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது: 2024 ஜனவரி முதல் தொடங்கிய பாடவழி முதுகலைப் படிப்புகளுக்குக் கணவன், மனைவி, பிள்ளைகளைச் சார்ந்தோர் விசாவில் அழைத்துப் போக முடியாது. ஆய்வுப் படிப்புக்கும், அரசாங்க உபகாரச் சம்பளத்தில் போகிறவர்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு. ‘முதலில் நான் போகிறேன், டிசம்பரில் உங்களைக் கூப்பிட்டுக்கொள்கிறேன்’ என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வேலையை விடுவதற்கு முன், நீங்கள் எந்த வகை என்று பார்த்துவிடுங்கள். ஓராண்டு பிரிந்திருக்க முடியுமா என்று பேச வேண்டிய இடம் வீட்டுக் கூடம். விமான நிலையம் அல்ல.

பணக் கணக்கிலும் சில செலவுகள் கண்ணில் படாமல் போகும். மாணவர் விசாவுக்குக் குடிநுழைவு சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு. ஓராண்டுப் படிப்புக்கு விசா அதற்கும் சில மாதம் கூடுதலாகவே தரப்படுவதால் 1,164 பவுண்டு வரை ஆகிவிடும். விண்ணப்பிக்கும்போதே மொத்தமாகக் கட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் தங்கப்போகும் மலேசியருக்குப் பிரிட்டன் அங்கீகரித்த கிளினிக்கில் எடுத்த காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழும் தேவை. காசநோய்ப் பிரிவிலேயே வேலை பார்த்த டாக்டரானாலும் வரிசையில் நின்று எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பகுதி நேர வேலை செய்து சமாளித்துவிடலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். ‘கோடை விடுமுறையில் முழு நேரம் செய்யலாமே’ என்று இளங்கலை படிக்கும் தம்பி சொல்வான். அது அவனுக்குப் பொருந்தும். முதுகலை மாணவருக்குக் கோடைக் காலம் ஆய்வேடு எழுதும் காலம். அதுவும் படிப்புக் காலமாகவே கணக்கில் வரும். மோட்டார்சைக்கிளிலோ சைக்கிளிலோ உணவு விநியோகிப்பதும் கூடாது. அந்தச் செயலிகளில் ஓட்டுவது பொதுவாகச் சுயதொழில், மாணவர் விசாவில் சுயதொழிலுக்கு அனுமதி இல்லை. எம்.பி.எச். பட்டம் அங்கே மருத்துவராகத் தொழில் செய்யும் உரிமத்தைத் தராது என்பதையும் சொல்லி வைக்கிறேன். டாக்டர்களே இதைக் கேட்கிறார்கள்.

இனி பாடம். அங்கே பல பல்கலைக்கழகங்களில் 50 மதிப்பெண் தேர்ச்சி, 70 எடுத்தால் உயர்சிறப்பு. எஸ்.பி.எம்.மில் ‘ஏ’க்களாக அடுக்கியவர் முதல் கட்டுரைக்கு 58 வந்ததும் கலங்கிப்போகிறார். அது மோசமான மதிப்பெண் அல்ல. உண்மையில் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. நாம் கூடிப் படித்தே வளர்ந்தவர்கள்; ஒருவர் எழுதிய குறிப்பை நாலு பேர் வைத்துக்கொள்வது நமக்கு நட்பு. தனித்தனியாக எழுதித் தர வேண்டிய புள்ளியியல் பயிற்சியில் அதையே செய்தால், அங்கே அது கல்வி நேர்மை மீறல். கொடுத்தவர், வாங்கியவர் இருவருமே விசாரிக்கப்படலாம். ஏ.ஐ. கருவிகளைப் பற்றிய விதி பாடத்துக்குப் பாடம் மாறக்கூடும். ஒரு விரிவுரையாளர் அனுமதித்தார் என்று இன்னொருவர் பாடத்தில் பயன்படுத்தாதீர்கள்.

ஆய்வேட்டுக்கு ஊர்த் தரவைப் பயன்படுத்த நினைப்பது நல்ல எண்ணம். பொதுச் சுகாதாரத்தில் நம் மண்ணுக்கு இடம் உண்டு. 1901-இல் கிள்ளானில் சதுப்பு நிலத்தை வடித்து மலேரியாவைக் குறைத்த மால்கம் வாட்சன், பின்னாளில் லண்டனில் ராஸ் நிலையத்தின் இயக்குநரானார். அந்த நிலையம் லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்வி நிலையத்தோடு இணைந்தது. ஆனால் வாட்சன் காலத்தில் யாரும் படிவம் கேட்கவில்லை. இன்று உங்கள் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் மட்டும் போதாது. மலேசியச் சுகாதார அமைச்சின் கிளினிக்கில் ஆய்வு நடத்த தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, அமைச்சின் மருத்துவ ஆய்வு, நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பெற வேண்டும். இரண்டுக்கும் நேரம் பிடிக்கும். ஜூனில் ஊருக்கு வந்து, பழைய சக ஊழியரைப் பிடித்து, நோயாளிகளிடம் கேள்வித்தாள் கொடுத்துவிட்டு, பிறகு அனுமதி கேட்டால் அந்தத் தரவைத் தொட முடியாது. ஆய்வுத் தலைப்பைக் கிறிஸ்துமஸுக்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

தங்குமிடத்துக்கு, பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். வழக்கமான தனியார் வாடகை ஒப்பந்தத்தில் முன்பணம் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்க இங்கிலாந்தில் சட்டம் இடம் தருவதில்லை (ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவென்றால்). அதை 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் செலுத்த வேண்டியதும் வீட்டுக்காரரின் பொறுப்பு. முழுநேர மாணவர் மட்டுமே இருக்கும் வீட்டுக்கு நகராட்சி வரி கிடையாது. கடிதம் வந்தால் பயந்து கட்டிவிடாமல் மாணவர் சான்றிதழைக் காட்டுங்கள். போன முதல் வாரமே வட்டாரக் குடும்ப மருத்துவரிடம் பெயரைப் பதியுங்கள். அவ்வளவு கட்டணம் கட்டிவிட்டுக் காய்ச்சலுக்குப் பையில் கொண்டுபோன பனடோலை விழுங்கிக்கொண்டிருக்கும் பொதுச் சுகாதார மாணவர்களைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

கடைசியாக, யாரும் பேச விரும்பாத ஒன்று. அந்த ஓராண்டில் வீட்டில் யாருக்காவது உடல்நிலை மோசமாகலாம், துக்கமும் நேரலாம். பரீட்சை நேரமென்று பிள்ளையிடம் சொல்லாமல் மறைப்பது நம் வழக்கம். தெரிந்ததும் யாரிடமும் சொல்லாமல் அடுத்த விமானத்தைப் பிடிப்பது பிள்ளையின் வழக்கம். இரண்டும் ஆபத்து. விசாவுக்குப் பொறுப்பேற்றிருக்கும் பல்கலைக்கழகம், மாணவர் தொடர்ந்து வராவிட்டால் குடிநுழைவுத் துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டது. முன்கூட்டியே சொன்னால் விடுப்புக்கும், தவணை நீட்டிப்புக்கும், தேர்வைப் பின்னர் எழுதுவதற்கும் வழி இருக்கிறது. ஆனால் அதற்குக் கெடு உண்டு, மருத்துவமனைக் கடிதமோ மரணச் சான்றிதழோ காட்ட வேண்டும். படிப்பை இடைநிறுத்தினால் விசாவும் ரத்தாகலாம் என்பதால், கையெழுத்திடும் முன் அனைத்துலக மாணவர் ஆலோசகரைப் பாருங்கள். அந்த அலுவலகத்தின் மின்னஞ்சல் முகவரியை இப்போதே எழுதி, வீட்டில் ஆங்கிலம் எழுதத் தெரிந்த ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள்.