‘போலீஸ் பேசுறேன்’

காலை பத்து மணி. மகனும் மருமகளும் ஃபேக்டரி வேலைக்குப் போய்விட்டார்கள், பேரப்பிள்ளைகள் பள்ளியில். மலாக்காவின் பெம்பானில், தோட்டத்தைவிட்டு வெளியேறிய குடும்பம் கடன்பட்டு வாங்கிய சின்ன வீட்டில் எழுபது வயதுப் பாட்டி மட்டும். கைப்பேசி அடிக்கிறது. மறுமுனையில் மலாயில் கனத்த குரல்: “புக்கிட் அமான் போலீஸ் தலைமையகத்திலிருந்து பேசுகிறேன். உங்கள் ஐசி எண் இதுதானே? உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டிருக்கிறது. யாரிடமும் சொல்லக்கூடாது. சொன்னால் உங்கள் மகனையும் பிடிப்போம்.”

இது குறிப்பிட்ட ஒரு பாட்டியின் கதையல்ல. ‘மக்காவ் மோசடி’ என்று நாம் சொல்லும் இந்த நாடகத்துக்கு நாடு முழுவதும் ஒரே வசனம்தான். கேட்கும் ஆள்தான் மாறுகிறார். இப்படிப் பலவகை இணைய மோசடிகளில் 2024ஆம் ஆண்டில் மட்டும் மலேசியர்கள் இழந்தது 150 கோடி ரிங்கிட்டுக்கும் மேல் என்கிறது போலீஸ் கணக்கு.

ஏமாந்தவரைப் பார்த்து “பேராசை” என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். முதலீட்டு மோசடிக்கு அது ஓரளவு பொருந்தலாம். இந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பொருந்தாது. பாட்டிக்கு யாரும் லாபம் காட்டவில்லை, பயம்தான் காட்டினார்கள். ஒரு குற்றமும் செய்யாதவர் ‘போலீஸ்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு ஏன் இப்படி உடைந்துபோகிறார்? நாட்டின் உள்நாட்டுப் பாதுகாப்பைப் பற்றிப் பேச வருபவர்கள் முதலில் இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டும். மோசடிக்காரன் புதிதாக எதையும் விதைக்கவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு முன்பு விதைத்ததைத்தான் அறுத்துக்கொண்டு போகிறான்.

1948 ஜூன் 16 அன்று பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் அவசரகாலம் வந்தது. பன்னிரண்டு வயதைத் தாண்டிய எல்லாருக்கும் படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை அப்போதுதான் கட்டாயமானது. இன்று நாம் பெருமையாகப் பணப்பையில் வைத்திருக்கும் மைகார்டின் பாட்டன் அது. மருத்துவத்துக்கோ கல்விக்கோ அது பிறக்கவில்லை; காட்டில் இருப்பவன் யார், நாட்டில் இருப்பவன் யார் என்று பிரித்துப் பார்க்கப் பிறந்தது. கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் தோட்டத் தொழிலாளிகளிடமிருந்து அந்த அட்டையைப் பிடுங்கினார்கள். அட்டை இல்லாதவனை அரசாங்கம் சந்தேகித்தது. பால்மரம் வெட்டப் போனவன் நடுவில் மாட்டிக்கொண்டான்.

1950இல் வந்த பிரிக்ஸ் திட்டம் ஐந்து லட்சம் பேரைப் புதுக்கிராமங்களுக்கு இடம் மாற்றியது. பெரும்பாலும் சீனர்களின் கதையாகவே அது எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் சிதறிக் கிடந்த தோட்டத்து லயங்களும் ஒரே இடத்தில் சேர்க்கப்பட்டு முள்வேலிக்குள் வந்தன. விடியுமுன் பெரட்டுக்குப் போகிறவரை கேட்டில் நிறுத்தித் தடவிப் பார்த்தார்கள். இடுப்பில் ஒரு பிடி அரிசி இருந்தால் அது கம்யூனிஸ்டுக்குப் போகும் அரிசி. நம் தாத்தா பாட்டிகள் அரசாங்கத்தை முதன்முதலில் நெருங்கிப் பார்த்தது அந்தக் கேட்டில்தான்.

அதே காலத்தில் மலாக்காவில் வேறொன்றும் நடந்தது. அதை நாம் மறந்துவிட்டோம். 1953 செப்டம்பரில் ஹைகமிஷனர் டெம்ப்ளர், மலாக்காவின் கரையோரத்தில் 221 சதுர மைல் பரப்பை மலாயாவின் முதல் ‘வெள்ளைப் பகுதி’யாக அறிவித்தார். ஏறக்குறைய 160,000 பேர் வாழ்ந்த அந்த நிலத்தில் ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் நீங்கின. மீண்டும் கெரில்லா நடமாட்டம் தெரிந்தால் எல்லாம் திரும்பி வரும் என்ற எச்சரிக்கையும் கூடவே இருந்தது. ஆனாலும் மக்கள்மேல் கொஞ்சம் நம்பிக்கை வைத்ததில் நிலைமை மோசமாகிவிடவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் மற்ற மாநிலங்களிலும் வெள்ளைப் பகுதிகள் பரவின. பாதுகாப்பு என்பது பிடியை இறுக்குவது மட்டுமல்ல, தளர்த்துவதும்தான் என்ற பாடம் மலாக்காவில்தான் முதலில் எழுதப்பட்டது.

அந்தப் பாடத்தைச் சுதந்திர மலாயா தொடர்ந்து படிக்கவில்லை. 1960 ஜூலை 31 அன்று அவசரகாலம் முடிந்தது; மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமான ஐஎஸ்ஏ நடைமுறைக்கு வந்தது. விசாரணை இல்லாமல் இரண்டு ஆண்டு, பிறகு இன்னொரு இரண்டு ஆண்டு என்று ஒருவரை அடைத்து வைக்க அது வழி செய்தது. 2007 டிசம்பரில் இந்தியர் உரிமை இயக்கமான ஹிண்ட்ராஃப்பின் தலைவர்கள் ஐவர் அதன் கீழ்தான் கமுந்திங் தடுப்பு முகாமுக்குப் போனார்கள். 2012இல் ஐஎஸ்ஏ போய் சொஸ்மா சட்டம் வந்தது. குற்றச்சாட்டு இல்லாமல் 28 நாள் வரை தடுப்புக்காவல், பெரும்பாலும் ஜாமீன் கிடையாது என்பவை அதன் முக்கியக் கூறுகள்.

அந்தச் சட்டம் 2019 அக்டோபரில் மலாக்காவின் கதவைத் தட்டியது. விடுதலைப்புலிகளோடு தொடர்பு என்று சொல்லிப் பன்னிரண்டு பேர் கைது செய்யப்பட்டார்கள். காடேக் சட்டமன்ற உறுப்பினரும் மலாக்கா ஆட்சிக்குழு உறுப்பினருமான ஜி.சாமிநாதன் அவர்களில் ஒருவர். ஆயர் குரோவில் 2018 நவம்பரில் நடந்த நினைவு நிகழ்ச்சி குற்றச்சாட்டில் இடம்பெற்றது. புலிகள் இயக்கம் களத்தில் வீழ்ந்து அப்போது பத்தாண்டு ஆகியிருந்தது. 2020 பிப்ரவரி 21 அன்று சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ், பன்னிரண்டு பேர் மீதான 34 குற்றச்சாட்டுகளையும் கைவிட்டார். ஒருவரின் கைப்பேசியில் இருக்கும் படங்கள் அவரைப் பயங்கரவாதியாக்கிவிடாது என்பதே அவர் சொன்ன விளக்கத்தின் சாரம். ஆனால் அதற்குள் நான்கு மாதம் உள்ளே கழிந்துவிட்டது. மாநில ஆட்சிக்குழுவில் இருப்பவருக்கே இந்த நிலை என்றால் நமக்கு என்ன ஆகும் என்று தோட்டத்து வீடுகளில் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார்கள். 2025 நவம்பரில் டுரியான் துங்காலில் மூன்று இந்திய ஆடவர்கள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். பிறகு அதைக் கொலை வழக்காக விசாரிக்கச் சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் உத்தரவிட்டது. அந்தக் கணக்கில் அது இன்னொரு வரி.

இப்படிச் சொல்வதால் ஆபத்தே இல்லை என்று ஆகிவிடாது. 2016 ஜூனில் பூச்சோங் மொவிடா விடுதியில் வெடித்த கையெறி குண்டு, இந்த மண்ணில் ஐஎஸ் நடத்திய முதல் தாக்குதல். 2024 மே 17 அன்று ஜொகூர் உலு திராம் காவல் நிலையத்தில் ஒரு தனியாள் இரண்டு இளம் போலீஸ்காரர்களைக் கொன்றான். போலீஸின் சிறப்புப் பிரிவு கண்ணை மூடிக்கொண்டு இருக்க முடியாது. கடத்தல் கும்பல்களும் இருக்கின்றன. உள்துறை அமைச்சு 2013இல் வெளியிட்ட கணக்கில், குண்டர் கும்பல்களைச் சேர்ந்த சுமார் 40,000 பேரில் எழுபது விழுக்காட்டினர் இந்தியர்கள் என்றிருந்தது. அந்த எண்ணைக் கண்டு கோபப்படுவதைவிட, தோட்டம் மூடிய பிறகு நகரத்து ஓரத்தில் கொட்டப்பட்ட ஒரு தலைமுறைக்கு அரசாங்கமும் நாமும் என்ன செய்தோம் என்று கேட்பது நேர்மை.

ஆனால் ஆபத்தின் முகவரி மாறிவிட்டது. 2025 மார்ச்சில் மலேசிய விமான நிலையங்களின் கணினி அமைப்பு தாக்கப்பட்டது. ஒரு கோடி அமெரிக்க டாலர் கேட்டார்கள், கொடுக்க மறுத்துவிட்டதாகப் பிரதமர் அன்வார் சொன்னார். 2024 ஆகஸ்ட்டில் நடைமுறைக்கு வந்த சைபர் பாதுகாப்புச் சட்டம், நாட்டின் உயிர்நாடியாகப் பதினொரு துறைகளைக் குறித்திருக்கிறது. வங்கி, மின்சாரம், தண்ணீரோடு விவசாயமும் தோட்டத்துறையும் அந்தப் பட்டியலில் உண்டு. 1991இல் டுரியான் துங்கால் அணை வறண்டு மலாக்காவே குடம் தூக்கிய நாளை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, தண்ணீர் ஏன் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

தோட்டத்தின் கணினி உயிர்நாடி என்றால் தோட்டத்தில் உழைத்தவரின் ஐசி எண் என்ன? 2017இல் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி இணைப்புகளின் விவரங்கள், பெயர், முகவரி, ஐசி எண்ணோடு வெளியே கசிந்தது தெரியவந்தது. நாட்டு மக்கள்தொகையைவிடப் பெரிய எண்ணிக்கை அது. பாட்டியை அழைத்தவன் எண்ணைத் தப்பில்லாமல் சொல்வதன் ரகசியம் இதுபோன்ற கசிவுகளில்தான் இருக்கிறது. கம்யூனிஸ்டைப் பிடிக்க உருவான அடையாளம், எழுபது ஆண்டு கழித்து அதைச் சுமப்பவரையே பிடிக்க உதவுகிறது.

நம் எண்ணைப் பாதுகாக்கும் பொறுப்பு யாருக்கு? 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. சைபர் பாதுகாப்புச் சட்டம் அரசாங்கத்தையும் கட்டுப்படுத்தும். ஆனால் அதன் கீழ் அரசாங்கத்தின் மேல் குற்ற வழக்குத் தொடர முடியாது. முடிதிருத்தும் கடை வாடிக்கையாளரின் எண்ணைத் தொலைத்தால் கேள்வி உண்டு. நாட்டிலேயே அதிக எண்களை வைத்திருப்பவர் தொலைத்தால் கேள்வி இல்லை. குடிமகனிடம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கும் அரசாங்கம், அதைக் காக்கத் தவறினால் வாசலில் வந்து நிற்கவும் வேண்டும்.

நம் வீட்டுக்குள்ளும் ஒரு ஓட்டை இருக்கிறது. பாட்டியின் இபிஎஃப் பணம் நேராக மோசடிக்காரன் கைக்குப் போவதில்லை. யாரோ ஒரு இளைஞனின் வங்கிக் கணக்கு வழியாகத்தான் போகிறது. மலாயில் ‘அக்காவுன் கெல்டாய்’, கழுதைக் கணக்கு. ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் சில நூறு வெள்ளிக்குக் கொடுத்துவிட்டு, “கார்டைத்தானே கொடுத்தேன், நான் என்ன செய்தேன்” என்று கேட்கிற பிள்ளைகள் நம்மிடமும் உண்டு. 2024இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, அப்படிக் கொடுப்பதே தனிக் குற்றமாகிவிட்டது. கம்போடியாவிலும் மியன்மாரிலும் “நல்ல சம்பளம்” என்று போய், மோசடி முகாம்களில் அடைபட்டவர்களிலும் மலேசியர்கள் இருந்தார்கள். கோயில் திருவிழாவுக்குக் கூட்டம் போடும் நாம், இதற்காக ஒரு மாலை கூட்டம் போட்டால் குறைந்துவிட மாட்டோம்.

அப்படியானால் அரசாங்கம் எதை முதலில் செய்ய வேண்டும்? சொஸ்மாவை நீதிமன்றக் கண்காணிப்புக்குள் கொண்டுவர வேண்டும். அதன் 28 நாள் பிரிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் தீர்மானம் போட்டுப் புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. 2022 மார்ச்சில் அந்தத் தீர்மானம் 84க்கு 86 என்று தோற்றது. ஜூலையில் மறுபடி கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். அந்தத் தவணை 2027இல் முடிகிறது. அப்போது கை தூக்கப்போகும் ஒவ்வொரு உறுப்பினரிடமும், மலாக்காவில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் குறிப்பாக, இப்போதே பதில் வாங்கி வைக்க வேண்டும். உண்மையான பயங்கரவாதியைப் பிடிக்க நீதிமன்றத்தின் கண்காணிப்பு இடைஞ்சல் அல்ல. தப்பான ஆளைப் பிடித்து வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும், சரியான ஆள் வெளியே நடமாடுகிறான்.

அடுத்தது, 2022இல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண். பணம் போனதும் முதல் சில மணி நேரத்தில் அழைத்தால்தான் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்பு உண்டு. மலாயில் பேசத் தடுமாறும் முதியவருக்கு அந்தச் சில மணி நேரம் வார்த்தை தேடுவதிலேயே போய்விடும். எடுப்பவர்களில் தமிழ் பேசுபவர் எப்போதும் ஒருவர் இருப்பது சலுகை அல்ல, பாதுகாப்பு ஏற்பாடு. அதோடு, போலீஸ் எந்தக் காலத்திலும் தொலைபேசியில் பணம் மாற்றச் சொல்லாது என்ற ஒரே வரியை, சீருடை அணிந்த அதிகாரியே கோயில் மண்டபத்திலும் தமிழ்ப்பள்ளியிலும் வந்து நேரில் சொல்ல வேண்டும். சுவரொட்டியைவிட அந்த முகம் முக்கியம். போலீஸ்காரரைக் கைதுக்கு மட்டுமே பார்த்துப் பழகிய இடத்தில், அவர் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போவதே பாதிப் பாதுகாப்பு.

“யாரிடமும் சொல்லக்கூடாது.” அந்த அழைப்பில் மிகக் கூர்மையான வரி அதுதான். பக்கத்து வீட்டிலும் சொல்ல முடியாமல், மகனிடமும் சொல்ல முடியாமல், போலீஸையே கேட்கவும் துணிவில்லாமல் பாட்டி தனியாக நிற்கும் நேரத்தில்தான் பணம் போகிறது. அவர் கைப்பேசியை அணைத்துவிட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு, பக்கத்துக் காவல் நிலையத்துக்கு நடந்து போய், “ஐயா, உங்க பேரைச் சொல்லி ஒருத்தன் மிரட்டுறான்” என்று மேசைக்கு முன்னால் உட்கார வேண்டும். உள்துறை அமைச்சு ஆண்டுக்கு ஆண்டு நீட்டும் சாதனைப் பட்டியலில் எத்தனை கைது, எத்தனை சோதனை என்று இருக்கும். எத்தனை பாட்டிகள் பயமில்லாமல் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்கள் என்று அதில் ஒரு வரி சேரட்டும்.